முப்பத்தெட்டாவது பொட்டலம்

இந்த நாட்டில் வருஷத்துக்கு எத்தனை குற்றம் நடந்தது, எத்தனை பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டார்கள், எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்று டெல்லியில் ஒரு தடிமனான புத்தகம் போடுகிறார்கள். மாநிலவாரியாகக் கட்டம் கட்டி, சதவீதம் போட்டு வரும். அது வந்த மறுநாள் எங்கள் மாநிலம் எத்தனையாவது இடம் என்று பேப்பரில் செய்தி வரும். டி.வி.யில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். தண்டனை விகிதம் ஏறியிருந்தால் புலன்விசாரணை தரமாக நடக்கிறது என்பார்கள், இறங்கியிருந்தால் சாட்சிகளுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். அந்தப் புத்தகத்தில் தண்டனை பெற்றவர்கள் என்ற கட்டத்துக்குள் இருக்கிற ஓர் ஆள் என் தம்பி. அவனை அதற்குள் தள்ளியது நான்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாவம், கீழ்மட்டப் போலீஸ், மேலிடத்து நெருக்கடி என்று எனக்காக உச்சுக்கொட்ட நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கல்கத்தா ஹைவேயை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. எல்லோருக்கும் ஏட்டம்மா. எங்கள் நைனாவும் அம்மாவும் சோழவரம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் அடுத்தவர்களுக்கு நாற்று நட்டவர்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்போது எனக்குப் பதினாறு வயசு, தம்பிக்கு ஒன்பது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். பிறகு நான் போலீஸில் சேர்ந்தேன். அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் பேட்டரிக்கு உறை செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக நுழைந்தான். கல்யாணம் ஆன பிறகும் என் பக்கத்து வீட்டிலேயே வாடகைக்கு இருந்தான்.

அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆளுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பல் சட்டை. ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட், ஒரே சூடு. கேன்டீனில்கூட நீலத்துக்குத் தனி வரிசை. என் தம்பி சாம்பல் சட்டையில் ஒன்பது வருஷம் நின்றான். அவன் இந்த உலகத்தில் கேட்டதெல்லாம் ஒரு நீலச் சட்டைதான்.

ஹைவேயில் ஒரு மறியல் நடந்தபோது அவன் ஐந்தாவது வருஷத்தில் இருந்தான். பேட்டைக்குள் இரும்பு உருக்குகிற ஒரு ஆலையில் உலை வெடித்து வடக்கத்தி ஆள் ஒருவர் செத்துப்போனார். கம்பெனி, அவர் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள் என்றது. கான்ட்ராக்டர் போனை அணைத்து வைத்துவிட்டார். செத்தவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் அக்கம்பக்கத்து ஆலைக்காரர்கள் ஷிஃப்ட் விட்டு வந்து ஹைவேயில் உட்கார்ந்துவிட்டார்கள். எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் லாரி நின்றது. இரண்டு மணி நேரம் பேசிப்பார்த்துவிட்டு முப்பத்தேழு பேரைத் தூக்கி வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தோம். சாயங்காலம் விட்டுவிடுவோம். வழக்கமாக நடப்பதுதான்.

மண்டபத்தில் எனக்குச் சாப்பாட்டு டியூட்டி. அடைத்து வைத்தவர்களுக்கு மத்தியானச் சோறு போடுவது ஸ்டேஷன் பொறுப்பு. மெஸ்ஸில் சொல்லி சாம்பார் சாதப் பொட்டலம் வரவழைத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கொடுக்க வேண்டும். பொட்டலமும் பேரும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் போலீஸ்காரர்கள் ஓசியில் தின்றுவிட்டார்கள் என்று ஆடிட்டில் எழுதுவார்கள். இந்த மாதிரி விஷயங்களில் நான் படு கறார். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று ஸ்டேஷனில் எனக்கு ஒரு பேர் உண்டு.

அன்று தம்பிக்கு வார லீவு. விடியற்காலையிலேயே நான் நாஷ்டாகூட இல்லாமல் பந்தோபஸ்துக்கு ஓடியதைப் பார்த்த அவன் பெண்சாதி, கருவாட்டுக் குழம்பும் சோறும் டிபன் பாக்ஸில் போட்டு அவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். மண்டபத்து வாசலில் நின்று போன் செய்தான். நானே உள்ளே கூப்பிட்டேன்.

"நீ துன்னியாடா?" என்று கேட்டேன்.

"ஊட்டாண்ட போய் துன்னுக்கிறேன்க்கா."

மணி மூன்று ஆகியிருந்தது. மெஸ்காரர் முப்பத்தெட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார், ஒன்று மேஜைமேல் மீந்து கிடந்தது. இந்நேரம் வரைக்கும் சாப்பிடாமல் எனக்குச் சோறு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறானே என்று அந்தப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்து, மேடைப் படியில் உட்காரவைத்துத் தின்னச் சொன்னேன். பிறகு நோட்டைப் பார்த்தேன். முப்பத்தேழு பேர், முப்பத்தெட்டுப் பொட்டலம். கணக்கு இடித்தது. முப்பத்தெட்டு என்று போட்டு அவன் பேரை எழுதினேன். தந்தை பெயர் என்ற கட்டத்தில் எங்கள் நைனா பேரை எழுதினபோதுகூட என் கை நிற்கவில்லை. அப்புறம் கைகழுவிவிட்டுக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று அவனிடம் சொல்லியும் அனுப்பினேன்.

கைது செய்தவர்களின் பட்டியலை சப்-இன்ஸ்பெக்டர் தனியாக எழுத வேண்டும். அவருக்கு அன்று உடம்பு வணங்கவில்லை. என் சாப்பாட்டு நோட்டின் பக்கத்தைப் பார்த்தார், எழுத்து முத்து முத்தாக இருந்தது, அப்படியே ஜெராக்ஸ் எடுத்து எஃப்.ஐ.ஆரோடு வைத்துவிட்டார். சோறு வாங்கியவர்கள் எல்லோரும் குற்றவாளி ஆகிவிட்டார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது. பழைய சட்டத்தில் அதற்கு இரண்டு பிரிவு.

எட்டு மாசம் கழித்து எனக்கு கோர்ட் டியூட்டி போட்டார்கள். ஸ்டேஷனுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் நடுவே கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. முதல் வாரமே அந்தக் கேஸுக்குச் சம்மன் வந்தது. முப்பத்தெட்டாவது எதிரி என்ற இடத்தில் என் தம்பி இருந்தான். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்றுதான் பெயர்.

ஸ்டேஷனில் எல்லாப் பதிவேடும் எழுதுகிறவர் ரைட்டர். ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பொட்டலம் துன்னது நெசந்தானே ஏட்டம்மா?"

இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பேரை எடுக்க வேண்டுமென்றால் இது கைதுப் பட்டியல் இல்லை, சாப்பாட்டுப் பட்டியல் என்று கோர்ட்டில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் மிச்ச முப்பத்தேழு பேருடைய வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்றார். கடைசியாக, "அந்த லிஸ்ட் யார் கையெழுத்தும்மா?" என்று கேட்டார்.

நான் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். மெமோ வந்தால் என் இன்கிரிமென்ட் நிற்கும். இன்கிரிமென்ட்டுக்குப் பயந்துதான் வாயை மூடினேன். அந்தப் பயத்துக்கு வேறு நல்ல பேர் எதுவும் வைக்க நான் தயாராக இல்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் வாய்தா. முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தர் வராவிட்டாலும் கேஸ் நகராது. ஒரு வாய்தாவுக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல், அடுத்ததற்கு இன்னொருத்தர் ஊரிலேயே இல்லை. டவாலி பேர் கூப்பிடக் கூப்பிட எல்லோரும் ஆஜர் என்று கத்துவார்கள், ஒரு பேருக்கு மட்டும் சத்தம் வராது, மறு தேதி கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தேதிக்கும் தம்பி ஒரு ஷிஃப்ட்டை விட்டுவிட்டு வருவான். வீட்டுக்குப் போனதும் அவன் பெண்சாதி என்னை ஒன்றும் கேட்கமாட்டாள். குழம்பு மட்டும் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

இதற்கு நடுவே செத்தவருடைய கேஸ் என்னவானது என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்டேஷனில் போட்ட கேஸ், இயந்திரக் கோளாறால் ஏற்பட்ட விபத்து என்று முடித்துக் கோப்பைக் கட்டிவிட்டார்கள். தொழிற்சாலைத் துறை தனியாக ஒரு வழக்குப் போட்டது. அதில் கம்பெனிக்காக வந்த வக்கீல் ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, காபி குடிக்கிற நேரத்தில் போய்விட்டார். ஆலை முதலாளி அந்தக் கோர்ட் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லை. உலையில் வெந்தவருக்காக ஒருத்தரும் ஒரு மணி நேரம்கூட உள்ளே இருக்கவில்லை. அவருக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான் எங்களுக்குக் கிடைத்தார்கள்.

மூன்றாவது வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் மாவட்ட கிரைம் மீட்டிங் போய்விட்டு முகம் கறுத்துத் திரும்பினார். தண்டனை விகிதத்தில் நம் ஸ்டேஷன் கடைசியாம். எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் எங்களுடைய இரண்டு கொலைக் கேஸில் சாட்சிகள் பல்டி அடித்து, எல்லோரும் விடுதலை ஆகியிருந்தார்கள்.

இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் யாரும் அதை டி.வி.யில் உட்கார்ந்து பேசமாட்டார்கள். வாய்தாவில் தூங்குகிற கேஸ் அதில் சேராது. விசாரணை முடிந்த கேஸில் எத்தனை தண்டனை என்பதுதான் கணக்கு. கொலைகாரன் விடுதலையானால் ஒன்று இறங்கும், மறியல் செய்தவன் ஒத்துக்கொண்டால் ஒன்று ஏறும். மொத்தக் கூட்டலில் இரண்டுக்கும் ஒரே எடை. அதனால் கொலைக் கேஸில் விட்டதை நாங்கள் எப்போதும் ஏழை பாழைகளிடம்தான் பிடிப்போம். ஸ்டேஷனில் இருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் இருந்து சென்னைக்கு, சென்னையில் இருந்து டெல்லிக்கு என்று அந்தக் கூட்டல் மேலே போகப்போக யார் கொன்றான், யார் குந்தினான் என்பதெல்லாம் உதிர்ந்துவிடும். எண் மட்டும் போய்ச் சேரும்.

"பழைய கேஸ் எல்லாத்தையும் தோண்டி எடும்மா. அத்தனை பேரையும் ஒத்துக்க வை" என்றார் இன்ஸ்பெக்டர்.

இதில் நான் கெட்டிக்காரி. பெருமையாகத்தான் சொல்கிறேன், அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஒரு ஆளைக் கோர்ட் வாசல் டீக்கடையில் உட்காரவைத்து, டீ சொல்லி, "இன்னும் எத்தினி வருசம் அலைவே? ஒத்துக்கினா கோர்ட் கலையிற வரைக்கும் உள்ளார குந்தினு இருக்கணும், அவ்ளோதான். சாயங்காலம் ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டிவிடுவார்கள். கோர்ட் கலையும் வரை சிறை என்பது ஒரு தண்டனை. காலையில் தீர்ப்புச் சொன்னால் சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்து போகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பி கிடையாது, பூட்டு கிடையாது. தூங்கிக்கூட விழலாம். ஆனால் காகிதத்தில் அது சிறைத் தண்டனை. இதை மட்டும் டீயோடு சேர்த்து நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறியல் கேஸில் முப்பத்தேழு பேர் ஒரே வாரத்தில் ஒத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அவர்கள் உட்கார்ந்தவர்கள். ஓய்ந்தும் போயிருந்தார்கள். என் தம்பி மட்டும் மாட்டேன் என்றான்.

என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டுதான் பேசினான். "நான் ரோட்டுல குந்தவே இல்லியேக்கா. உனுக்குச் சோறு எடுத்தாந்தேன். அத்த நீ வந்து ஜட்ஜம்மா கைல சொல்லு. நீ சொன்னா முடிஞ்சிடும்."

"நான் கூண்டுல ஏறி அது சாப்பாட்டு லிஸ்ட்டுன்னு சொன்னா மொத்த கேஸும் உடைஞ்சிடும்டா. என் வேலையே பேஜாராயிடும்."

"அப்போ என் வேலை? அடுத்த வருசம் பர்மனென்ட் லிஸ்ட் போட்றாங்கோ. இதனால ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன்.

ஆகும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். பர்மனென்ட் போடுவதற்கு முன்னால் கம்பெனிகள் போலீஸ் சரிபார்ப்புக் கேட்கின்றன, அந்த விண்ணப்பங்கள் வாரத்துக்கு நாலு எங்கள் ஸ்டேஷனுக்கே வருகின்றன. ஆனால் அப்போது வருஷ முடிவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவன் மட்டும் மறுத்தால் அவனைத் தனியாகப் பிரித்து விசாரணை நடத்த வேண்டும், சாட்சி என்று யாரைக் கூப்பிட்டாலும் கடைசியில் அந்த நோட்டு வெளியே வரும். அவன் சொல்வது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னிடம் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

ஆகவே மற்ற முப்பத்தேழு பேரிடமும் போய், "ஒருத்தர் மட்டும் அடம் பிடிக்கிறார், அவரால எல்லாருக்கும் தள்ளிப்போவுது" என்று சொன்னேன். பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உன் அக்கா போலீஸ்ன்றதால உனுக்கு ஜாஸ்தியா கொழுப்பா என்று ஒருத்தர் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

கோர்ட்டில் அன்று நல்ல புழுக்கம். முப்பத்தெட்டுப் பேரும் கூண்டில் கொள்ளாமல் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். மாஜிஸ்திரேட் நிதானமான அம்மா. குற்றத்தை வாசித்துவிட்டு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கேட்டார். கடைசியாக என் தம்பி.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்மா."

"யாராவது மிரட்டினாங்களா? ஆசை காட்டினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் கேஸ் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்ச் கிளார்க் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் பார்த்தது இரண்டு மூன்று நொடி இருக்கும். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த அம்மா கேட்டிருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். நான் கட்டின் நாடாவைச் சரிசெய்தேன்.

"இல்லம்மா. யாரும் இல்ல" என்றான்.

கோர்ட் கலையும் வரை சிறை, ஆளுக்கு ஒரு சிறு அபராதம். பின்பக்கப் பெஞ்சுகளில் உட்காரவைத்தேன். மத்தியானம் என் கைக்காசில் முப்பத்தெட்டுப் பொட்டலம் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன், பெரிய மனசு என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய பொட்டலம் பெஞ்சிலேயே கிடந்தது. மாஜிஸ்திரேட் எழுந்தபோது மணி ஐந்தே முக்கால். அவன் எனக்காக நிற்காமல் பஸ் ஏறிப்போய்விட்டான்.

அந்த வருஷம் எங்கள் ஸ்டேஷன் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தது. எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுப்பதாகச் சொல்லிக் கோப்பு மேலே போயிற்று. அது போயிருந்த சமயத்தில்தான், ஏழெட்டு மாசம் கழித்து, பேட்டரி கம்பெனியின் பர்மனென்ட் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேருக்கான சரிபார்ப்பு விண்ணப்பங்கள் வந்தன. ஏழாவது என் தம்பி. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவில் இரவல் வாங்கிய கோட் போட்டிருந்தான்.

வழக்கு எதிலாவது தண்டனை பெற்றவரா என்ற கட்டத்தை ரைட்டர் எழுத வேண்டும், கோர்ட் டியூட்டி பார்க்கிற நான் கோர்ட் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். இதுதான் வழக்கம். ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பொட்டலம் தின்றான் என்று சிரித்த அதே மனுஷன்.

"ஏட்டம்மா, இத்த எழுதாம உட்டுடலாம். சாதா மறியல் கேஸு. எவன் வந்து தோண்டப் போறான்? உங்க தம்பிதானே."

யோசித்தேன். தம்பியைப் பற்றி யோசித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. யோசித்தது பாராட்டுப் பத்திரத்தைப் பற்றி. கோப்பு மேலே இருக்கும்போது சொந்தத் தம்பியின் தண்டனையை மறைத்தாள் என்று ஒரு மொட்டைக் கடுதாசி போனால் போதும். பொய்ப் பட்டியல் எழுதி, பொய்யாக ஒத்துக்கொள்ளவைத்து, பொய்யான தண்டனையும் வாங்கிக் கொடுத்தபிறகு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எனக்கு உண்மை வேண்டியிருந்தது.

"எழுதுங்க சார். உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினார். நான் சுருக்கொப்பம் போட்டேன். இருபது வருஷ சர்வீஸில் நான் காட்டிய ஒரே நேர்மை அதுதான்.

பதினோரு பேருக்கு நீலச் சட்டை கிடைத்தது. இவனைப் பர்மனென்ட் செய்யாததோடு விடவில்லை, மறியலுக்குப் போய்த் தண்டனை வாங்கியவன் கான்ட்ராக்டிலும் வேண்டாம் என்று கம்பெனி கேட்டோடு நிறுத்திவிட்டது. மனிதவளப் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. காகிதத்தை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, ஓரத்தில் இருந்த இரண்டு எழுத்தின்மேல் விரலை வைத்தான்.

"இது உன் கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன். என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும், அவ்வளவு தெளிவாக இருக்கும். வேறு என்ன சொல்வது என்று தேடினேன். ரூல்ஸ்டா என்றுதான் வந்தது.

"சரி மேடம்" என்றான்.

கடைசியாக என்னை அக்கா என்று அவன் கூப்பிட்டது எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மாசமே வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரியபாளையம் ரோட்டுப் பக்கம் போய்விட்டான். இப்போது ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறான். தினக்கூலி. சட்டைக்கு நிறம் கிடையாது, பனியன்தான்.

சட்டம் புதிதாக மாறி, பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. புது எண்களை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். ஸ்டேஷனில் இளம் போலீஸ்காரர்கள் என்னிடம்தான் கேட்டு எழுதுகிறார்கள். பாராட்டுப் பத்திரம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார்கள். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிழித்துப்போட எனக்கு மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். எங்கள் வகையறாவில் வருஷா வருஷம் வைப்பது. நைனா செத்த பிறகு அதை எடுத்துச் செய்வது என் பொறுப்பு. அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன், பெண்சாதியோடு வந்துவிட்டான். எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆற்றோரம் வேப்பமரத்தடியில் பொங்கல் பொங்கி, சாமி கும்பிட்டு முடித்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். நான் கரண்டி பிடித்தேன். இன்றைக்கு அவனுக்கு என் கையால் சோறு போட்டுவிட்டால் கொஞ்சமாவது இறங்கிவருவான் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போட்டேன்.

அவன் முறை வந்தது. நான் கரண்டியில் அள்ளினேன். அவன் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"பேர் எழுதிக்கோங்க மேடம்."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"இன்னாடா இது, கோயிலாண்ட வந்து" என்றேன்.

"எழுதிக்கினு போடுங்க. அப்புறம் பொட்டலம் ஒண்ணு இடிக்குதுன்னு பேஜாராவப் போவுது." சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா டவாலிக்குப் பதில் சொன்ன அதே குரல். அவன் பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் வேணாம் என்று சொல்லவில்லை.

விளையாட்டுக்குச் சொல்கிறான், இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் வெறும் தட்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரோ, எழுதித்தான் கொடேன், சோறு ஆறுது என்றார்கள். கைப்பையில் எப்போதும் பேனா இருக்கும், போலீஸ் புத்தி. கோயிலில் வாங்கிய அர்ச்சனைச் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன். பேர். வயது. ஊர்.

"அப்பா பேரு" என்றான்.

அதை எழுதும்போது கை நின்றது. அது என் அப்பா பேர். எழுதினேன். பேனா மை அந்தச் சீட்டில் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டாவது தரம் மேலே ஓட்டினேன். சீட்டை வாங்கிப் படித்துப்பார்த்தான், சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அப்புறம் தட்டை நீட்டினான். நான் போட்டேன். பத்தடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.